வீட்டுல தனியா பிட்காயின் மைனிங் போட்டு 55,000 ரூபாய் விட்ட கதை

முதல்லயே கணக்கைச் சொல்லிடறேன், ஏன்னா நான் தேடித் தேடிப் படிச்சப்போ ஒருத்தரும் இதை முதல் வரில சொல்லல. மைனிங்னா மெஷினை வச்சு ஒரு நம்பர் குலுக்கல்ல கலந்துக்கிட்டு, விழுந்தா புது பிட்காயினைப் பரிசா வாங்குறது. 2024 ஆகஸ்ட்ல இருந்து 2025 அக்டோபர் வரைக்கும் பதினாலு மாசம். செலவு 55,010 ரூபாய். கிடைச்ச பிட்காயின் பூஜ்யம், அதோட மிகச் சின்ன சில்லறையான ஒரு சடோஷிகூட கிடையாது. இதுல ஏமாத்துனவங்க கிட்ட போனது 8,500 தான், மீதி எல்லாம் நானே என் கையால விட்டது. நான் மதுரைல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் டெக்னீஷியன், சம்பளம் 28,000, அப்ப இது ரெண்டு மாச சம்பளம்னு வச்சுக்கங்க. வீட்டுல வைக்கிற சின்ன மைனிங் மெஷின் வாங்கணும்னு யோசிச்சுக்கிட்டு இருக்கறவங்க படிச்சா போதும், ஏற்கெனவே வாங்கிட்டவங்க நடுவுல வாலட் அட்ரஸ் பத்தி எழுதியிருக்குற இடத்தை மட்டுமாவது படிங்க.

ஆரம்பிச்சது ஒரு ஃபார்வர்ட் மெசேஜ்ல. பெங்களூர்ல இருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தன் அனுப்புனான், "மாப்ள, உள்ளங்கை அளவு பொட்டி ஒண்ணு வச்சு எவனோ ஒருத்தன் ஒரு ப்ளாக்கையே தூக்கிட்டான், 3 பிட்காயினுக்கு மேல"ன்னு. ப்ளாக்னா பிட்காயின் கணக்குப் புத்தகத்துல பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு சேர்ற பக்கம் மாதிரி, அதைப் புடிச்சவனுக்குத்தான் பரிசு. நியூஸ் உண்மைதான். 2024 ஜூலைல பிட்ஆக்ஸ்ங்குற சின்ன மெஷின் வச்சிருந்த ஒருத்தருக்கு சோலோ சிகேபூல்ங்குற, தனியா மைனிங் போடறவங்களை நெட்வொர்க்கோட சேத்து விடுற பூல் சர்வர் வழியா ஒரு ப்ளாக் விழுந்துச்சு, அன்னிக்கு நம்ம காசுக்கு ஒண்ணரைக் கோடிக்கு மேல. அப்புறம் 2025 மார்ச்லயும் அதே மாதிரி இன்னொண்ணு. இந்த நியூஸ்ல ஒரு விசேஷம் என்னன்னா விழுந்தவன் கதை மட்டும்தான் வரும், விழாத ஆளுங்களைப் பத்தி யாரும் நியூஸ் போட மாட்டாங்க. அது எனக்குத் தெரியாதா, தெரியும், எங்கப்பா லாட்டரி சீட்டு வாங்குன ஆளு. 2003-ல தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ற வரைக்கும் தினமும் காலைல டீக்கடைல பேப்பரை விரிச்சு வச்சு ரிசல்ட் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவாரு. அவரைத் திட்டிக்கிட்டே வளந்தவன் நான். ஆனா இது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது, நமக்குத் தெரிஞ்ச லைன், அப்ப இது லாட்டரி இல்லைன்னு மனசு ஒரு சமாதானம் சொல்லிக்கிச்சு பாருங்க, அங்கதான் வழுக்குனது.

முதல்ல வாங்குனது நெர்ட்மைனர், 2,600 ரூபாய். ஈஎஸ்பி32ங்குற சின்ன வைஃபை சிப்பு இருக்குற போர்டுல சின்ன கலர் டிஸ்ப்ளே, அவ்வளவுதான். என்னுதுல செகண்டுக்கு 70 கிலோஹாஷ் காட்டுச்சு, அதாவது செகண்டுக்கு எழுபதாயிரம் தடவை குலுக்கிப் பாக்குது. பாக்க அழகா இருக்கும், ப்ளாக் நம்பர் ஓடும், டைம் காட்டும். பின்னாடி வாங்குன பிட்ஆக்ஸோட ஒப்பிட்டா அது ஒண்ணரைக் கோடி மடங்கு கம்மி. ஒண்ணரைக் கோடி தடவைன்னு நல்லா படிச்சுக்கங்க, டைப்பிங் மிஸ்டேக் இல்ல. அது மைனிங் மெஷினே இல்ல, மேஜை மேல வைக்கிற கடிகாரம். கடிகாரம்னு நினைச்சு வாங்குனா தப்பில்ல. நான் ரெண்டு மாசம் அது முன்னாடி உக்காந்திருந்தேன்.

அப்புறம் 2024 டிசம்பர்ல பிட்ஆக்ஸ் காமா. இதைக் கொஞ்சம் விளக்கணும். இது ஓப்பன் சோர்ஸ் டிசைன், ஆண்ட்மைனர் எஸ்21 ப்ரோங்குற பெரிய மெஷின்ல வரிசையா அடுக்கியிருக்குற பிஎம்1370ங்குற சிப்பு, அதுல ஒரே ஒரு சிப்பை எடுத்து சின்ன போர்டுல வச்சு, மேல ஹீட்சிங்க், ஃபேன், வைஃபைக்கு ஒரு ஈஎஸ்பி32. கம்பெனி செட்டிங்ல 525 மெகாஹெர்ட்ஸ் ஓடும், செகண்டுக்கு 1.07 டெராஹாஷ் வரும், ஒரு டெராஹாஷ்னா ஒரு லட்சம் கோடி ஹாஷ். டிசைன் எல்லாருக்கும் திறந்திருக்கறதால யார் வேணா பண்ணி விக்கலாம், அதனால விலையும் தரமும் கடைக்குக் கடை மாறும். நான் வெளிநாட்டுல இருக்குற ஒரு விற்பனையாளர்கிட்ட ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், 14,200. வந்து சேந்தப்போ கஸ்டம்ஸ், கூரியர் சார்ஜ்னு வாசல்ல நின்னு 5,960 கேட்டாங்க. என் பொண்டாட்டி கதவு திறந்தவ, "ஏங்க, என்னமோ ஆறாயிரம் கேக்குறாரு, என்னத்தை வாங்கித் தொலைச்சீங்க"ன்னா. வெளிநாட்டுல இருந்து வாங்குறவங்க போட்டிருக்குற விலையைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, வாசல்ல வர்ற விலை வேற. ஆக 20,160.

அடாப்டர் பொட்டில இல்ல. சனிக்கிழமை ராத்திரி ஒம்பதரை மணி, கடை எல்லாம் மூடியாச்சு, திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல. எங்க வீட்டுல பழைய ரவுட்டரோட அடாப்டர் ஒண்ணு கெடந்துச்சு, அதே அளவு உருண்டை பின்னு, பிட்ஆக்ஸ் ஓட்டைல அம்சமா போய் உக்காந்துச்சு. அது 12 வோல்ட். பிட்ஆக்ஸ் காமாவுக்கு 5 வோல்ட். லேப்ல பசங்களுக்கு "பின்னு பொருந்துதுன்னா வோல்ட் பொருந்துதுன்னு அர்த்தம் இல்லடா"ன்னு வருஷா வருஷம் சொல்றவன் நான்தான். ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் ஒரு தடவை வெறி புடிச்ச மாதிரி சுத்துச்சு, 'டிக்'குன்னு சின்னதா ஒரு சத்தம், நகம் சுண்டுன மாதிரி, அவ்வளவுதான், அப்புறம் அந்த வாசனை. எலக்ட்ரானிக்ஸ்ல கைவச்ச யாருக்கும் அந்த வாசனை தெரியும், மூக்குல ஏறுனா ரெண்டு நாளு போகாது. போர்டைத் திருப்பிப் பாத்தா பவர் ரெகுலேட்டர் பக்கத்துல கடுகு அளவுக்கு ஒரு கருப்பு. இருபதாயிரம் ரூபாய் ஒரு செகண்ட்ல. வீட்டுல சொல்லல. ரெண்டு வாரம் லேப்ல வச்சு ஹாட் ஏர்ல பிரிச்சு மாத்திப் பாத்தேன், உசுரு வரல.

அதனால பவர் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. காமாவுக்கு 5 வோல்ட், குறைஞ்சது 4 ஆம்பியர், 6 ஆம்பியர் இருந்தா நிம்மதி. ஃபோன் சார்ஜர்ல, யூஎஸ்பி வயர்ல எல்லாம் மைனிங் ஓட்டுற வேலை வேண்டாம், அந்த யூஎஸ்பி ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் ஏத்துறதுக்குத்தான். நாலு சிப்பு வச்ச பெரிய மாடல் சிலது 12 வோல்ட், அதையும் இதையும் ஒரே வீட்டுல வச்சிருந்தா அடாப்டர் தலைல பெயிண்ட் மார்க்கர்ல 5ன்னும் 12ன்னும் எழுதி வச்சிருங்க. சிரிக்காதீங்க, நான் இப்ப எங்க வீட்டு ரவுட்டர் அடாப்டர்லகூட எழுதி வச்சிருக்கேன்.

இந்த இடத்துல நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. பொங்கலுக்கு வந்த போனஸை வச்சு இந்தியாவுலயே விக்கிற ஒருத்தர்கிட்ட 19,500-க்கு இன்னொண்ணு, இந்தத் தடவை சரியான அடாப்டரோட. இதுல ஒரு நல்ல அனுபவம், ஆளு ஃபோன்ல பேசுனாரு, சந்தேகம் கேட்டா சொன்னாரு. 2025 ஜனவரி கடைசில மெஷின் ஓட ஆரம்பிச்சுது. முதல் நாள் வைஃபை கிடைக்கவே இல்ல, மூணு மணி நேரம் போச்சு, காரணம் இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும்தான் சேரும், எங்க ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸையும் அதையும் ஒரே பேருல கலந்து வச்சிருந்துச்சு. ரவுட்டர்ல ரெண்டையும் தனித்தனி பேரா பிரிச்சதும் டக்குன்னு சேந்துச்சு. அப்புறம் பூல் அட்ரஸ், போர்ட் நம்பர் போட்டு, யூசர்நேம் இடத்துல உங்க வாலட் அட்ரஸை, அதாவது பிட்காயின் வந்து சேர வேண்டிய அக்கவுண்ட் நம்பர் மாதிரி ஒண்ணைப் போடணும். கணக்கு ஆரம்பிக்கிறது, பாஸ்வேர்ட், கேஒய்சி எதுவும் கிடையாது, வாலட் அட்ரஸ்தான் உங்க பேரு. இதுல நான் முதல்ல கிரிப்டோ வாங்கி விக்கிற ஒரு எக்ஸ்சேஞ்சோட டெபாசிட் அட்ரஸைப் போட்டு வச்சிருந்தேன், அது தப்பு. புது ப்ளாக்ல வர்ற பரிசுக் காசு அதுக்கு மேல 100 ப்ளாக் வர்ற வரைக்கும் அசையாது, சில எக்ஸ்சேஞ்சுங்க அந்த மாதிரி நேரா மைனிங்ல வர்ற காசை ஒழுங்கா ஏத்துக்காது. சொந்த வாலட் போட்டு, வாலட்டைத் திரும்ப மீட்கறதுக்கு அது குடுக்குற பன்னண்டு வார்த்தையை பேப்பர்ல எழுதி பீரோல வைங்க. ஃபோட்டோ எடுத்து கேலரில வைக்காதீங்க.

இப்ப இது என்னதான் பண்ணுதுன்னு ஒரு வார்த்தை, ஏன்னா என் முட்டாள்தனம் எல்லாம் இதைப் புரிஞ்சும் புரியாம இருந்ததுல இருந்துதான் வந்துச்சு. ப்ளாக்கோட தலைப்பு 80 பைட், அதை ரெண்டு தடவை எஸ்ஹெச்ஏ-256ங்குற ஹாஷ் ஃபார்முலால போட்டு எடுத்தா ஒரு பெரிய நம்பர் வரும், அந்த நம்பர் நெட்வொர்க் சொல்ற எல்லைக்குக் கீழ இருந்தா ப்ளாக் உன்னுது, இல்லைன்னா தலைப்புல இருக்குற நான்ஸ்ங்குற நம்பரை மாத்தி மறுபடி போடு. என் மெஷின் இதை ஒரு செகண்டுக்கு ஒரு லட்சம் கோடி தடவைக்கு மேல பண்ணுது. கேக்கவே பிரமிப்பா இருக்குல்ல, எனக்கும் இருந்துச்சு. ஆனா அந்த ஜனவரில உலகம் முழுக்க ஓடுன மொத்த வேகம் சுமார் 800 எக்சாஹாஷ், அதாவது என்னுது மாதிரி 75 கோடி மெஷின் ஓடுற மாதிரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த 75 கோடில ஒண்ணுக்கு விழும். ஒரு நாளைக்கு 144 தடவை குலுக்கல், அப்ப ஒரு நாள் முழுக்க ஓட்டுனா எனக்கு விழறதுக்கு 52 லட்சத்துல ஒரு வாய்ப்பு. வருஷக் கணக்குல சொன்னா சராசரியா 14,000 வருஷத்துக்கு ஒரு ப்ளாக். இன்னொரு விதமா பாக்கலாம், பரிசு 3.125 பிட்காயின், அன்னிக்கு ரேட்டுல இரண்டே முக்கால் கோடி கிட்ட, அதை 52 லட்சத்தால வகுத்தா ஒரு நாளோட மதிப்பு அஞ்சு ரூபாய் சில்லறை. கரண்டுக்கு ரெண்டுல இருந்து நாலு ரூபாய் போகும். இதுதான் மொத்த வியாபாரமும். இந்தக் கணக்கை நான் முதல் வாரமே ஒரு பேப்பர்ல போட்டு வச்சிருந்தேன், இப்பவும் இருக்கு, கீழ ரெண்டு கோடு போட்டு "ஓகே, விளையாட்டுக்குத்தான்"னு எழுதி வச்சிருக்கேன்.

அப்புறம் எப்படி விளையாட்டு விளையாட்டா இல்லாமப் போச்சுன்னா, அந்த மெஷினோட வெப்பேஜ்ல 'பெஸ்ட் டிஃபிகல்ட்டி'ன்னு ஒரு நம்பர் இருக்கும். இதுவரைக்கும் போட்டதுலயே எது எல்லையை நெருங்கி வந்துச்சோ அதோட அளவு, பெருசா இருந்தா நல்லது. முதல் நாள் 31 மில்லியன். ஒரு வாரத்துல 240 மில்லியன். மார்ச் ஆரம்பத்துல ஒரு நாள் விடிகாலை மூணு மணிக்கு எந்திரிச்சு பாத்தா 4.1 பில்லியன். ஏறுது பாருங்க, ஏறிக்கிட்டே இருக்கு. தேவையானது அப்ப 110 டிரில்லியன் கிட்ட, அது வேற விஷயம், ஆனா கண்ணு பாக்கறது ஏறுறதைத்தான். நெருங்கிட்டோம்னு உள்ளுக்குள்ள ஒரு குறுகுறுப்பு. இதுதான் பெரிய பொய்யி. இதுல நெருங்குறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. தாயம் ஆடியிருப்பீங்கல்ல, தாயம் விழுந்தாத்தான் காயை இறக்க முடியும், அரைமணி நேரமா விழாம உக்காந்திருக்குறவன் "இந்தத் தடவை விழுந்துரும்டா"ன்னு கட்டையை ஊதி ஊதி உருட்டுவான். கட்டைக்கு அவன் அரைமணி நேரமா உக்காந்திருக்கறது தெரியாது. அதே மாதிரிதான் இதுவும், ஒம்பது மாசம் ஓட்டுன மெஷினுக்கும் நேத்து ராத்திரி மாட்டுன மெஷினுக்கும் அடுத்த பத்து நிமிஷத்துல வாய்ப்பு ஒண்ணுதான். அந்த நம்பர் ஏறுறது நாளாச்சுங்கறதை மட்டும்தான் காட்டுது. ரொம்ப நேரம் உருட்டுனா ஏதோ ஒரு உருட்டு நல்லா விழும், அவ்வளவுதான். இதைப் புரிஞ்சுக்க எனக்கு 30,000 ரூபாய்க்கு மேல ஆச்சு.

மார்ச் நடுவுல நடந்த கூத்துதான் எல்லாருக்கும் சொல்லணும்னு நினைச்சது. ஃபர்ம்வேர் புதுசு வந்திருக்குன்னு சொன்னாங்க, ஒரு கடைக்காரர் அனுப்புன ஃபைலை யூஎஸ்பில ஏத்துனேன். அப்டேட்ல ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு மெஷினோட பேஜ்ல இருந்தே ஏத்துறது, அது செட்டிங்ஸைத் தொடாது. இன்னொண்ணு ஃபேக்டரி ஃபைல், அது எல்லாத்தையும் வழிச்சுப் போட்டு புதுசா எழுதிடும். நான் ஏத்துனது ரெண்டாவது. மறுபடி வைஃபை கேட்டுச்சு, போட்டேன், ஓட ஆரம்பிச்சுது, 1.07 டெராஹாஷ், டெம்பரேச்சர் நார்மல், எல்லாம் பச்சை. என் 4.1 பில்லியன் ரெக்கார்டு அழிஞ்சு பூஜ்யமா நின்னதைப் பாத்து அவ்வளவு வருத்தப்பட்டேன், சாப்பாடு இறங்கல. ஆனா ரெக்கார்டு அழிஞ்சிருந்தா கூடவே வாலட் அட்ரஸும் அழிஞ்சிருக்கும்லன்னு மண்டைல உறைக்கல. இருபத்தி மூணு நாள். யாரோ ஒருத்தரோட அட்ரஸுக்கு, அந்த ஃபைல்ல ஏற்கெனவே எழுதி வச்சிருந்த அட்ரஸுக்கு, என் கரண்ட்ல என் மெஷின் உழைச்சிருக்கு. தற்செயலா பூலோட பேஜ்ல என் அட்ரஸைப் போட்டுப் பாத்தப்போ கடைசி ஷேர், அதாவது வேலை பாத்ததுக்கு மெஷின் பூலுக்கு அனுப்புற அத்தாட்சி, வந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சுன்னு இருந்துச்சு. உக்காந்த இடத்துலயே வேர்த்துருச்சு. அந்த இருபத்தி மூணு நாள்ல ஒருவேளை ப்ளாக் விழுந்திருந்தான்னு நினைக்காத ராத்திரி இல்ல. விழுந்திருக்காதுன்னு அறிவுக்குத் தெரியும், அந்த நாள்களோட மொத்த மதிப்பே நூத்தி இருபது ரூபாய்தான், ஆனாலும்.

அதனால மெஷின் பேஜ்ல ஹாஷ்ரேட் வர்றதைப் பாத்து நிம்மதி ஆகாதீங்க, அது யாருக்காக ஓடுதுன்னு அது சொல்லாது. பூலோட பேஜ்ல உங்க அட்ரஸைத் தேடிப் பாருங்க, கடைசி ஷேர் எப்ப வந்துச்சு, அங்க காட்டுற வேகம் என்ன. அட்ரஸோட முதல் ஆறு எழுத்து கடைசி ஆறு எழுத்து ரெண்டையும் பேப்பர்ல எழுதி மெஷின் பக்கத்துலயே ஒட்டி வைங்க. புதுசா வாங்குனா, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனா, அப்டேட் பண்ணா, ரீசெட் பண்ணா, ஒவ்வொரு தடவையும் அதைப் பாருங்க. விக்கிறவரு டெஸ்ட் பண்ண போட்ட அவரோட அட்ரஸே அப்படியே இருந்து வர்ற மெஷினும் உண்டு.

அப்புறம் ஏப்ரல் வந்துச்சு. மதுரை ஏப்ரல், மொட்டை மாடிக்கு நேர் கீழ ரூம், மத்தியானம் உள்ள 38, 39 டிகிரி. இந்த மெஷினைப் பத்தி வெளிநாட்டுக்காரங்க போடுற வீடியோல எல்லாம் ரூம் 20 டிகிரி, குளிருக்கு ரூமைச் சூடு பண்ணுதுன்னு சந்தோஷப்படுவாங்க. நமக்கு அப்படியா. அந்த நேரத்துல நான் பண்ண வேலை, அவங்க சொன்னதைக் கேட்டு 525-ஐ 700 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி வோல்டேஜையும் ஏத்துனேன். ராத்திரி நல்லா ஓடுச்சு, மறுநாள் மத்தியானம் சிப்பு 75 டிகிரி தொட்டு ஓவர்ஹீட்னு தன்னைத்தானே அமுக்கிக்கிச்சு. ஹீட்சிங்க், பெரிய ஃபேன்னு 1,850 செலவு பண்ணேன். அப்பயும் பத்தல, டேபிள் ஃபேனை அதுக்கு நேரா வச்சு நாள் முழுக்க ஓட்டுனேன். இதுல இருக்குற காமெடியை எங்கம்மாதான் கண்டுபுடிச்சாங்க, "ஏன்டா, மனுசன் வேர்த்து ஊத்துறான், அந்தப் பொட்டிக்கு ஃபேனா"ன்னாங்க. மைனர் இழுக்குறது 19 வாட், டேபிள் ஃபேன் இழுக்குறது 50 வாட். பிள்ளையைவிட பிள்ளையைப் பாத்துக்குற ஆயாவுக்குச் சம்பளம் அதிகம். இன்னொண்ணு, சூடான இடம்னா நம்ம வீட்டுப் பல்லிக்குத் தெரிஞ்சுரும். ஒரு நாள் போர்டுக்கு அடியில பல்லி எச்சம், ரெண்டு பின்னுக்கு நடுவுல. பாத்துத் தொடச்சதால தப்பிச்சுது. வலை மாதிரி ஒரு மூடி போடுங்க, டீ வடிகட்டியை வெட்டிப் போட்டாக்கூடப் போதும், காத்து போகணும் பல்லி போகக் கூடாது. மாசத்துக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு பிரஷ்ல தூசி தட்டணும்.

கரண்ட் பில்லு கதை தனி. 19 வாட்ங்கறது ரெண்டு மாசத்துக்கு 27 யூனிட், ஒண்ணுமே இல்ல மாதிரி இருக்கும். ஆனா 2025 கணக்குப்படி நம்ம ஊரு பில்லுல 500 யூனிட்ங்குறது ஒரு கோடு. 500-க்குள்ள இருந்தா 100-க்கு மேல அடுத்த 100 யூனிட்டுக்கு சலுகை விலை, ஒரு யூனிட் தாண்டுனாலும் அந்தச் சலுகை போயிரும், இருநூறு ரூபாய்க்கு மேல குதிக்கும், தாண்டுன யூனிட்டெல்லாம் எட்டு ரூபாய்க்கு மேல. எங்க வீடு கோடைல 480, 490-ல நிக்கிற வீடு. அந்தத் தடவை 588 வந்துச்சு, மைனரும் டேபிள் ஃபேனும் சேந்து நூறு. கட்டுனது 2,780, அந்த நூறு யூனிட் இல்லாம இருந்திருந்தா 1,730. ஒரே பில்லுல ஆயிரம் ரூபாய் சில்லறை. மொத்தமா கரண்டுக்குக் கூடுதலா போனது 2,400. வாங்கறதுக்கு முன்னாடி கடைசி ஆறு பில்லையும் எடுத்துப் பாருங்க, கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிற வீடா நம்ம வீடுன்னு. ஆபீஸ்ல, காலேஜ்ல மாட்டலாம்னு மட்டும் யோசிக்காதீங்க, எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சு, வேலை போயிரும்.

ஜூன்ல ரெக்கார்டு 11.2 பில்லியன் தொட்டுச்சு. பழைய 4.1-ஐ தாண்டுன சந்தோஷத்துல தலைகால் புரியல, இன்னும் கொஞ்சம் வேகம் இருந்தா போதும்னு தோணுச்சு. 126 டிரில்லியன் வேணும், கைல 11 பில்லியன், பதினோராயிரத்துல ஒரு பங்கு, "இன்னும் கொஞ்சம்"ங்கறேன் பாருங்க. அந்த நேரம் டெலிகிராம்ல ஒரு ஆளு, தமிழ்லயே பேசுனாரு, ரொம்ப மரியாதை, "ப்ரோ உங்க பிட்ஆக்ஸோட எங்க சர்வர் வேகத்தைச் சேத்துக்கலாம், 500 டெராஹாஷ், ஒரு மாசத்துக்கு 8,500"ன்னாரு. டேஷ்போர்டு ஒண்ணு குடுத்தாங்க, அதுல தினமும் காசு ஏறுச்சு. சோலோ மைனிங்ல தினமும் காசு ஏறாதுடா, விழுந்தா மொத்தமா விழும் இல்லன்னா பூஜ்யம்னு எனக்கு அப்பவே தெரியணும், நாலு மாசமா பூஜ்யத்தையே பாத்தவன் நான். எடுக்கப் போனப்போ முதல்ல டாக்ஸ் கட்டுங்க 12,000ன்னாங்க. அப்பதான் முழிச்சேன். 1930-க்கு ஃபோன் பண்ணி சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போட்டேன், பத்து நாளு கழிச்சுப் போட்டதால காசு திரும்பல. வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பத்து நாளு சும்மா இருந்ததுதான் தப்பு, அன்னிக்கே பண்ணணும்.

டாக்ஸ்னதும் ஞாபகம் வருது, விழுந்தா என்ன ஆகும்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க. இங்க 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ வித்து வர்ற லாபத்துக்கு 30 சதவீதம், அதுக்கு மேல செஸ். மைனிங் மெஷின் வாங்குன காசை வாங்குன விலைன்னு காட்டிக் கழிக்க முடியாதுன்னு அரசாங்கம் பார்லிமெண்ட்லயே சொல்லியாச்சு. விழுந்தா நல்ல ஆடிட்டரைப் போய்ப் பாருங்க. எனக்கு அந்தப் பிரச்சினை வரல.

நிறைய பேர் சேந்து ஓட்டி பரிசைப் பிரிச்சுக்கிற பூல்ல சேந்து பங்கு வாங்கிக்கலாமேன்னு கேப்பீங்க. இந்த வேகத்துக்கு ஒரு நாளைக்கு 60 சடோஷி வரும், அதே அஞ்சு ரூபாய்தான், எடுக்கறதுக்குக் குறைஞ்சபட்சத் தொகையைத் தொட்டு முடிக்கறதுக்குள்ள வருஷக் கணக்காகும். அதுவும் நாளாக நாளாகக் குறையுது. 2016 ப்ளாக்குக்கு ஒரு தடவை நெட்வொர்க் தன் எல்லையை மாத்திக்கும், ஜனவரில 110 டிரில்லியன் இருந்தது செப்டம்பர் கடைசிக்குள்ள 140 தாண்டிருச்சு, மொத்த வேகம் ஆயிரம் எக்சாஹாஷ். என் மெஷின் அதே மெஷின், ஆனா 14,000 வருஷம் இருந்தது கிட்டத்தட்ட 18,000 வருஷம் ஆயிருச்சு. 2028-ல பரிசும் பாதியாகும்.

சந்தோஷமே இல்லையான்னா, இருந்துச்சு, அதையும் மறைக்கல. எரிஞ்சுபோன முதல் போர்டை லேப்ல வச்சு பசங்களுக்குப் பவர் ரெகுலேட்டர் பாடம் எடுக்கறேன், அந்தக் கருப்பு புள்ளியைக் காட்டுனா யாரும் மறக்க மாட்டேங்குறாங்க. ஹாஷ்னா என்னன்னு பத்து வருஷமா மனப்பாடமா சொன்னதை இப்பதான் உண்மையிலயே தெரிஞ்சுக்கிட்டேன். நெர்ட்மைனரை ஒரு ஸ்டூடன்ட்டுக்குக் குடுத்துட்டேன், அவன் அதைக் கடிகாரமாத்தான் வச்சிருக்கான், என்னைவிட புத்திசாலி. வேணும்னா ஒண்ணு வாங்குங்க, ஒண்ணோட நிறுத்துங்க, காசு போனாலும் பரவாயில்லன்னு நினைக்கிற காசுல வாங்குங்க, வாங்குன அன்னிக்கே வீட்டுல விலையைச் சொல்லிடுங்க. நான் 2025 ஆகஸ்ட்லதான் எல்லாத்தையும் சொன்னேன். என் பொண்டாட்டி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "மாமா லாட்டரிச் சீட்டு வாங்கிட்டு வந்தா அத்தைகிட்ட காட்டவாவது செய்வாராம்"னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ரெண்டாவது மெஷினை விக்கல, வித்தா பாதி விலைகூட வராது. கொஞ்ச நாள் ஆஃப் பண்ணி வச்சிருந்துட்டு மழை ஆரம்பிச்சப்புறம் மாட்டியிருக்கேன், கம்பெனி செட்டிங், டேபிள் ஃபேன் கிடையாது. பெஸ்ட் டிஃபிகல்ட்டி தெரியுற இடத்துல ஸ்க்ரீன் மேல இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டேன். நேத்து ராத்திரி இடி மழைல கரண்ட் போய் ஒண்ணரை மணிக்கு வந்துச்சு, ஃபேன் விர்ருன்னு சுத்துற சத்தம் கேட்டு எந்திரிச்சேன். ஃபோன்ல பூல் பேஜைத் திறந்து கடைசி ஷேர் ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடின்னு பாத்துட்டு, கடைசி ஆறு எழுத்தைச் சுவத்துல ஒட்டியிருக்குற பேப்பரோட ஒத்துப் பாத்துட்டு வந்து படுத்தேன்.